மாதத்துக்கு ஓர் உருண்டை

பிப்ரவரி 9, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எதிர்வீட்டுப் பெரிலின் கணவர் வாசலில் நின்றார். நாளை காலை மும்பைக்கு விமானம், அங்கிருந்து கப்பல். ஆறு மாதம். ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழாவுக்குத் திரும்பிவிடுவாராம். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, "ஒரு பத்து நிமிஷம் வாங்க, குளத்தைக் காட்டிடுதேன்" என்றார். ஒரு மணி நேரம் ஆனது.

குளம் என்று பெயர் வைத்தது பெரில்தான். வீட்டின் பக்கவாட்டில் கொத்தனாரை வைத்துக் கட்டிய சிமெண்டுத் தொட்டி அது. பன்னிரண்டடி நீளம், ஏழடி அகலம், என் இடுப்பளவு ஆழம். உள்ளே ஏழு பிளாஸ்டிக் டப்புகள் மூழ்கிக் கிடக்கின்றன. ஐந்தில் அல்லி, இரண்டில் தாமரை. கொசுவைத் தின்னக் கப்பி மீன்கள். மதில் ஓரத்து டப்பில் இருப்பது வெள்ளை அல்லி, பெரில் முதன்முதலில் வைத்தது.

மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். பள்ளியில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. உரம் மாதம் ஒரு முறை. டி.ஏ.பி. ஒரு சின்னக் கரண்டி, எலும்புத்தூள் இரண்டு கரண்டி, களிமண்ணுக்குள் வைத்து எலுமிச்சை அளவு உருட்டி, நிழலில் காயவைத்து, டப்புக்கு ஓர் உருண்டை. குருத்தை விட்டுத் தள்ளி, நான்கு விரல் ஆழத்தில் மண்ணுக்குள் அமுக்க வேண்டும். தண்ணீரில் தூவவே கூடாது.

"தண்ணியில கரைஞ்சா செடி திங்காது, பாசிதான் திங்கும்" என்றார். "பழுத்த இலையை அடியோட கிள்ளிருங்க. போர் தண்ணி மட்டும் விட்டுராதீங்க. உப்பு. கார்ப்பரேசன் தண்ணியை டிரம்முல ஒரு நாள் வச்சிருந்து விடணும். எல்லாம் பெரில் சொல்லித் தந்ததுதான்."

அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்சு. அவளுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

பிப்ரவரி 10

விடியும்போதே டாக்ஸி வந்துவிட்டது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்துக் கை காட்டினார். கீழே வந்ததும் தம்பி பெண்டாட்டி பிரின்சி, "இருட்டுல என்ன துணி மைனி?" என்றாள். பள்ளிக்கு நேரமாகிறது என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதல் முறை உரம் வைத்தேன். பழைய சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். தண்ணீர் இதமாக இருந்தது. டப்பின் மேலே பரப்பியிருந்த சரளையை விலக்கி, மண்ணுக்குள் கையை நுழைத்து உருண்டையை அமுக்கியபோது மீன்கள் காலை வந்து கொத்தின. இருபத்தோரு வருடமாகப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் அளந்து ஊற்றிப் பழகிய கை. அதனால் ஏழு உருண்டையும் ஒரே எடை. பெரில் பார்த்திருந்தால் கேலி செய்திருப்பாள்.

கரையேறி, அவர்கள் வீட்டு நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சேலை காய வேண்டுமே.

மார்ச் 16

இன்று மூன்று பூக்கள். இரண்டு இளஞ்சிவப்பு, ஒரு மஞ்சள். காலை எட்டரைக்கு விரிந்து மூன்று மணிக்கெல்லாம் மூடிக்கொள்கின்றன. நான்காம் நாள் தண்ணீருக்குள் போய்விடுகின்றன. அவற்றையும் எடுத்துவிட வேண்டும், அழுகினால் தண்ணீர் கெடும். தாமரை இலையில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. மருந்து அடித்தால் மீன் செத்துவிடும். குழாயால் பீய்ச்சித் தள்ளினேன். மீன்களுக்கு விருந்து.

போட்டோ எடுத்து அனுப்பினேன். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் மெஷின் சத்தம்.

"எமல்டா, போட்டோ பாத்தேன். இங்க இன்ஜின் ரூம்ல சுத்தி இரும்புதான். பச்சையப் பாத்து முப்பது நாளாச்சு. தெனம் ஒண்ணு அனுப்புங்களேன். சிக்னல் வரும்போது மொத்தமாப் பாத்துக்கிடுதேன்."

அதை இரண்டு முறை கேட்டேன். சத்தத்தில் சரியாக விளங்கவில்லை.

மார்ச் 30

போன் வந்தது. ஏழு நிமிடம். உரம் வைத்ததைச் சொன்னேன், இலைகளின் அளவைச் சொன்னேன். போனை வைத்ததும் பிரின்சி கேட்டாள், "அதென்ன மைனி, 'இங்க பாருங்க', 'கேட்டியளா'ன்னே பேசுதிய? அண்ணேன்னு கூப்பிட்டாத்தான் என்ன?"

பெரிலும் கல்யாணமான புதிதில் இதையே கேட்டாள். பழக்கமில்லை என்று அப்போது சொன்னேன். இருபத்தைந்து வருடத்தில் பழகியிருக்கலாம்தான்.

ஏப்ரல் 19

குளத்துக்குப் போனேன். இலை கிள்ளினேன். போட்டோ அனுப்பினேன்.

மே 4

வெயில் தாங்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகிறது. தொட்டி ஒன்றரைச் சாண் இறங்கி, டப்புகளின் விளிம்பு வெளியே தெரிகிறது. தாமரை இலைகள் தொங்குகின்றன. லாரித் தண்ணீருக்குச் சொல்லியிருக்கிறேன், வரவில்லை.

கடைசியில் போர் தண்ணீரை விட்டேன். அரை மணி நேரம்தான். செடி காய்வதைவிட இது மேல் என்று பட்டது.

மே 11

இலை ஓரமெல்லாம் தீய்ந்தது போலப் பழுப்பாகியிருக்கிறது. ஒரு சின்னப் பாட்டிலில் குளத்துத் தண்ணீரை எடுத்துப் போய், விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஆய்வகத்தைத் திறந்து சோதித்தேன். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. விட்ட உடனே பால் போல வெளுத்துவிட்டது. இந்தச் சோதனையை எத்தனையோ பிள்ளைகளுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். உப்பு என்று முன்பே எனக்குத் தெரியும், அவரும் சொல்லித்தான் போனார்.

மே 13

தொட்டித் தண்ணீரில் பாதியை வாளியால் இறைத்து ஊற்றினேன். எண்ணவில்லை, முதுகுதான் எண்ணிக்கொண்டது. லாரி வந்தது. ஆறு டப்புகள் பிழைத்துவிடும் போலிருக்கிறது. வெள்ளையைத் தூக்கிப் பார்த்தேன். கிழங்கு அழுகி, தொட்ட இடத்தில் விரல் உள்ளே போனது. அழுகிய முட்டை நாற்றம்.

சோப்புப் போட்டு நான்கு முறை கழுவியும் கையில் நாற்றம் போகவில்லை.

மே 21

"வெள்ளை இன்னும் பூக்கலியா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

மே 24, சனி

பஸ் ஏறி நாகர்கோவில் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். தண்ணீர்ச் செடிகள் மட்டும் விற்கிறவர்கள். வெள்ளை அல்லி மூன்று வகை இருந்தது. எது பெரிலுடையது போல இருக்கும் என்று போனில் இருந்த பழைய போட்டோவை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைக்கார அம்மா, "யாருக்கும்மா, இவ்வளவு பாக்குறீங்க?" என்றார். தோழிக்கு என்றேன். ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

புதிதாக நட்ட செடிக்கு வேர் பிடிக்கும்வரை உரம் கூடாதாம். மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

ஜூன் 15

புது வெள்ளை பூத்துவிட்டது. போட்டோ அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை, போட்டோ மட்டும்.

ஜூன் 17

பதில் வந்தது. "கண்ணு நெறஞ்சு போச்சு எமல்டா. பெரிலே வந்து நின்ன மாதிரி இருக்கு. இத நான் எப்படி உங்களுக்குத் திருப்பிச் செய்யப் போறேன்?"

ஜூன் 20

மூன்று நாளாகப் போட்டோ அனுப்பவில்லை. போன் பழுது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் கிளாட்வின் தொண்டையைச் செருமினான். என் தம்பிக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இப்படித்தான்.

"அக்கா, ஒருத்தர் கேட்டு விட்டிருக்காரு. வள்ளியூர்ல வாத்தியார். ரிட்டயர் ஆக நாலு வருசம் இருக்கு. மனைவி எறந்துட்டாங்க. பிள்ளைங்க வெளிய செட்டில் ஆயிட்டாங்க. நல்ல மனுசன்."

"இந்த வயசிலயா?"

"நாப்பத்தேழு ஒரு வயசா மைனி?" என்றாள் பிரின்சி. அவளுக்கு என்னைத் துரத்தும் எண்ணம் இல்லை. உண்மையாகவே எனக்கு ஒரு துணை வேண்டும் என்று நினைக்கிறாள்.

"நான் வள்ளியூர் போயிட்டா அந்தக் குளத்துக்கு யாரு உரம் வைக்கது?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கிளாட்வின் மட்டும் சிரித்தான். "நல்ல காரணம்க்கா" என்றான். பிரின்சி சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதை எங்கேயும் நான் எழுதியதில்லை. எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் கப்பலில் ஜூனியர் இன்ஜினியர் என்றார்கள். அப்பா போட்டோவைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை, மேசையில் போட்டுவிட்டு, "கப்பல்காரனுக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். அவருடைய அண்ணன் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் பயம் அவருக்கு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. அந்தப் போட்டோ மேசையில் ஒரு வாரம் கிடந்தது.

நான்கு மாதம் கழித்துப் பெரில் ஓடிவந்து, "பாருடி, எப்படி இருக்காரு?" என்று ஒரு போட்டோவை நீட்டினாள். முதல் முறை பார்ப்பவளைப் போல அதைப் பார்த்தேன். நல்லா இருக்காரு என்றேன். பொய் இல்லை.

அவள் சாகும்வரை அவளுக்குத் தெரியாது.

ஜூலை 28

போன் வந்தது. குரலே வேறாக இருந்தது. கப்பல் கம்பெனி நொடித்துவிட்டதாம். வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறார்கள். கப்பலை அனாதையாக விட்டுவிட்டு இறங்கக் கூடாது என்று துறைமுகத்துக்காரர்கள் சொல்கிறார்களாம். மாற்று ஆள் வந்தால்தான் இறங்கலாம். ஆளை அனுப்பக் கம்பெனியில் யாரும் இல்லை. பதினான்கு பேர் இருக்கிறார்கள்.

"திருவிழாவுக்கு வர முடியாது போலிருக்கு" என்றார்.

"எப்ப வர முடியும்?"

"தெரியல எமல்டா. கரை தெரியுது. லைட்டெல்லாம் தெரியுது. இறங்கத்தான் முடியல."

ஆகஸ்ட் 5

மாதா திருவிழா. சப்பரம் தெருவுக்குள் வந்தபோது எல்லோரும் வெளியே நின்றோம். பூட்டிய வீட்டு வாசலில் நான் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இருபத்தேழு நாளுக்குப் பிறகு குரல் கேட்டது. படகில் வந்த யாரோ ஒரு சிம் கொடுத்தார்களாம். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கப்பலுக்குள் அடுப்பு போல வெக்கை, எல்லோரும் மேல்தளத்தில் படுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். குளிப்பது கடல்நீரில்.

"உடம்பெல்லாம் உப்பு பூத்துப்போய்க் கெடக்கேன்" என்று சிரித்தார். "குளம் எப்படி இருக்கு? தண்ணி இருக்கா?"

இருக்கிறது என்றேன். பேச்சு அறுந்துவிட்டது.

இன்று உரம் வைக்கும் நாள். வைத்தேன். தண்ணீர் இறங்கியிருந்தது, நேற்றுப் பிடித்து வைத்த மூன்று டிரம் நல்ல தண்ணீரையும் ஊற்ற வேண்டும். முதல் குடத்தைச் சாய்த்ததும் கை நின்றுவிட்டது. இரண்டு பாட்டில் என்றால் எவ்வளவு? என் கையில் இருந்த குடத்தில் ஆறேழு ஆள் குடிக்கலாம். ஊற்றாமல் இருந்தால் அது அவருக்குப் போய்ச் சேரப் போவதில்லை. அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் மூன்றாவது டிரம்மை முடிக்கும்போது கண்ணுக்கு எதிரே எதுவும் சரியாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசையில் உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்துவிட்டேன். அங்கே ஒரு மனிதர் செத்த செடியின் போட்டோவை, இல்லை, அது செத்த செடி என்றுகூடத் தெரியாமல், வேறொரு பூவைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டிருக்கிறார். இது சரியில்லை.

குளத்தோரம் உட்கார்ந்து குரல் செய்தி பதிவு செய்தேன். முதலில், "இங்க பாருங்க" என்று ஆரம்பித்தேன். அது நன்றாக இல்லை. அழித்துவிட்டு, "லெனார்டு" என்று ஆரம்பித்தேன். என் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. அப்புறம் பேச்சு தானாக வந்தது. போர் தண்ணீர், வெள்ளை அல்லி, நாகர்கோவில், அதற்கு மேலும் என்னென்னவோ. மேசையில் ஒரு வாரம் கிடந்த போட்டோவரை பேசிவிட்டேன். பதினோரு நிமிடம்.

அதை அழித்துவிட்டு, அல்லியைப் பற்றி மட்டும் ஒன்றரை நிமிடத்தில் மறுபடியும் பேசி அனுப்பினேன். பெயரை மட்டும் மாற்றவில்லை.

செப்டம்பர் 8 முதல் 25 வரை

பதில் இல்லை. செய்தி போய்ச் சேரவே இல்லையோ, கேட்டுவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாரோ. குளத்துக்குத் தினமும் போகிறேன்.

செப்டம்பர் 26

ஆய்வகத்தில் பியூரெட் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையைக்கூடத் துடைக்கவில்லை.

"அந்த அல்லி போனாப் போவுது. எனக்கு அது ஒண்ணுமில்ல. அதுக்குப் போயி இத்தன நாளா மனசுக்குள்ள வச்சுக்கிட்டுக் கெடந்தியா?" கொஞ்ச நேரம் காற்றின் சத்தம். பிறகு, "நீ எப்படி இருக்க, எமல்டா?"

இவ்வளவுதான் செய்தி.

எப்படி இருக்கிறேன் என்று யாரும் என்னிடம் கேட்டு வெகு காலம் ஆகிறது. என்ன பதில் எழுதுவது என்று மூன்று பீரியடும் யோசித்தேன். "நல்லா இருக்கேன். தாமரை இரண்டு மொட்டு விட்டிருக்கிறது" என்று எழுதினேன்.

நீங்க என்றில்லாமல் நீ என்று வந்திருக்கிறது. அவசரத்தில் வந்திருக்கலாம்.

அக்டோபர் 18

மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புக்காரர்கள் இரண்டு பெண்கள் வந்தார்கள். தொட்டியைப் பார்த்ததும் ஒருத்தி, "இவ்வளவு தண்ணிய இப்படித் தேக்கி வச்சிருக்கியளே! டெங்கு சீசன்" என்று மருந்துப் பாட்டிலைத் திறந்தாள். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"ஊத்தாதீங்கம்மா, மீன் கெடக்கு. கரண்டிய விட்டுப் பாருங்க. ஒரு புழு இருந்தா நீங்களே ஊத்துங்க."

நான்கு மூலையிலும் கரண்டியை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "சுத்தமாத்தான் வச்சிருக்கிய" என்றாள். நோட்டில் எழுத, "யாரு வீடும்மா இது?" என்று கேட்டாள்.

"எங்க வீடுதான்."

விளக்கிச் சொல்ல நேரமில்லை, அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

நவம்பர் 9

மழை பிடித்துவிட்டது. வெயில் இல்லாத நாட்களில் செடி உண்ணாது. உரம் வைத்தால் மண்ணிலேயே கிடந்து கெடும். பிப்ரவரிவரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று பெரில் சொல்வாள். இனிக் குளத்தில் வேலை அதிகமில்லை. சருகு விழும், அதை அள்ளினால் போதும்.

நவம்பர் 10

சருகு அள்ளப் போனேன்.

நவம்பர் 11

சருகு அள்ளப் போனேன். நேற்றே அள்ளியிருந்ததால் இன்று அவ்வளவாக இல்லை.

டிசம்பர் 14

இரண்டு நாள் விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். தொட்டி நிரம்பி வழிந்தது. மீன்கள் தெருவுக்குப் போய்விடுமே என்று எங்கள் வீட்டுக் கொசுவலையைக் கொண்டுபோய்ச் சுற்றிக் கட்டினேன். கிளாட்வின் குடையோடு வந்து கத்தினான். "அக்கா, காய்ச்சல்ல விழப் போற! அவரு வந்து வேற மீன் வாங்கிப்பாரு!"

"அவரு வந்தா வாங்கட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான், வந்தால் என்ற சொல் காதில் விழுந்தது. நாற்பத்தொரு நாளாக ஒரு செய்தியும் இல்லை. பெரியப்பா கடலுக்குப் போன பிறகு அப்பா தினமும் துறைமுகத்துக்கு நடந்து போய் வருவாராம். அவர் ஏன் அந்தப் போட்டோவை மேசையில் போட்டார் என்று மழையில் நின்றுகொண்டு எனக்கு விளங்கியது.

கிளாட்வின் பக்கத்தில் வந்தான். குடையை மதிலில் சாய்த்துவிட்டு வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

டிசம்பர் 24

அந்த வீட்டு வாசலிலும் ஒரு நட்சத்திரம் கட்டினேன். வீடு இருட்டாக இருக்க வேண்டாம்.

ஜனவரி 8

வந்துவிட்டது செய்தி! கோர்ட்டு கப்பலை ஏலம் விட்டுவிட்டதாம். வாங்கியவர்கள் வேறு ஆட்களை ஏற்றிவிட்டார்கள். பதினான்கு பேரும் கரையில் இருக்கிறார்கள். பேப்பர் வேலை முடிந்ததும் விமானம்.

"மண்ணுல கால் வச்சதும் தள்ளாடுச்சு எமல்டா. விழுந்து எழுந்திரிச்சேன்" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் சிரிப்பு முடியவே இல்லை. பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 16

வீடு பெருக்கித் துடைத்தேன். பாலும் முட்டையும் வாங்கி வைத்தேன். குளத்துத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. டப்புகளின் விளிம்பைக்கூட பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.

ஜனவரி 17, சனி

பகல் பதினொன்றுக்கு வந்தார். சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்குகிறது. முடி முழுக்க நரைத்துவிட்டது. முகம் கறுத்து, கையெல்லாம் வெடிப்பு. பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு நேராகக் குளத்துக்குப் போனார். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டார். மறுபடியும் மறுபடியும். நான் மதிலோரம் நின்றேன்.

கொஞ்சம் கழித்து நிமிர்ந்து, "ஒரு வருசமா எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுட்ட. இனி நான் எங்கயும் போறதா இல்ல. நானே பாத்துக்கிடுதேன். நீ ரெஸ்ட் எடு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 19

காலையில் கால் தானாகப் படி இறங்கிவிட்டது. தெருவில் நின்ற பிறகுதான் நினைவு வந்தது. கடைக்குப் போய்த் தேவையில்லாமல் உப்பு வாங்கி வந்தேன்.

ஜனவரி 22

ஒன்றுமில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

மாடியிலிருந்து பார்த்தேன். பழுத்த இலையை அடியோடு கிள்ளுகிறார். டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறார். எல்லாம் சரியாகச் செய்கிறார். இதற்காகத்தானே பதினொரு மாதம் வேண்டிக்கொண்டேன். அவர் வர வேண்டும், அவர் வீட்டில் அவர் இருக்க வேண்டும் என்று. வந்துவிட்டார். எனக்கு அங்கே போக ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது.

பூசையில் பார்த்தோம். உடம்பு தேவலையா என்று கேட்டேன். தேவலை என்றார். இருவரும் இன்னும் ஏதோ சொல்ல நின்றோம். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஜனவரி 29

வள்ளியூர்க்காரர் இன்னும் காத்திருக்கிறாராம். ஒரு முடிவு சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையிலேயே கிளாட்வினிடம் சொல்லிவிட்டேன், வள்ளியூர் வேண்டாம் என்று. ஏன் என்றான். "அவரு நல்ல மனுசன். அவர ஏமாத்தக் கூடாது" என்றேன். அவன் வாய் திறப்பதற்குள் பிரின்சி அவன் கையைப் பிடித்து அழுத்துவதைப் பார்த்தேன்.

நாலரை மணிக்குத் தலை வாரி, நல்ல சேலையாக ஒன்று உடுத்திக்கொண்டு தெருவைக் கடந்தேன். என்ன சொல்லிப் போவது என்று ஒரு வாரமாக யோசித்துப் பார்த்தாயிற்று. உரம் வைக்க இந்த மாதம் ஆரம்பிக்க வேண்டும், ஞாபகப்படுத்த வந்தேன் எனலாம். கொசுவலையைக் கேட்டு வந்தேன் எனலாம். கதவைத் தட்டும்போது இரண்டையும் விட்டுவிட்டேன்.

கதவைத் திறந்தார். கையில் கத்தி, வெங்காயம் உரித்த கண். "வா எமல்டா" என்றார். உடனே, "குளத்துல ஏதாவது மறந்து வச்சிட்டியா?"

"இல்ல."

"பிறகு?"

"குளத்துக்காக வரல. உங்களப் பாக்கத்தான் வந்தேன், லெனார்டு."

சொல்லிவிட்டேன். நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார்.

"பதினஞ்சு நாளா தெனம் காலையில ஒவ்வொரு டப்பையும் குனிஞ்சு பாக்கேன்" என்றார். "ஒரு செடியாவது சீக்குல வாடி நின்னா, 'இது என்னன்னு வந்து பாரு'ன்னு உன்னக் கூப்பிடலாம்னு. ஒண்ணும் வாட மாட்டேங்குது. அப்படி வளத்து வச்சிருக்க."

அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன். பிறகு மீதி வெங்காயத்தை இருவரும் நறுக்கினோம். கப்பலில் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு என் குரல் செய்திகளைக் கேட்டதைச் சொன்னார். அந்த ஒன்றரை நிமிடச் செய்தியை எத்தனை முறை கேட்டார் என்று சொன்னார். அந்த எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன். எனக்கு மட்டும் இருக்கட்டும்.

ஏழு மணிக்குத் திரும்பினேன். பிரின்சி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எங்க மைனி போயிருந்திய?"

"லெனார்டு வீட்டுக்கு."

"என்ன வேலையா?"

"வேலை ஒண்ணும் இல்ல" என்றேன்.

மாவுக் கையோடு என்னையே பார்த்தாள். பார்த்துவிட்டு, "நாளைக்கு மீன் வாங்கும்போது அவருக்கும் சேத்து வாங்கட்டா?" என்று கேட்டாள்.

வாங்கு என்றேன்.